குரலின் பேச்சைக் கேட்டவள்

டாக்டரம்மாவுக்கு மனநல மருத்துவம் பிழைப்பு. சாட்சிக் கூண்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்த தொல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், மேற்கொண்டு ஒரு சொல் கிடையாது. வக்கீல் எகிறினால் தண்ணீர் குடிப்பார். வீட்டிலும் இதே கதைதான். "டீ வேணுமா?" என்று கணவர் கேட்டால், "வேணும்." அவ்வளவுதான்.

"உன்கிட்ட பேசுறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம்," என்று அந்த மனிதர் அலுத்துக்கொள்வார். டீயையும் போட்டுத் தருவார்.

அன்றைய வழக்கு ஒரு தையல்காரியுடையது. எதிர்வீட்டு மரக்கிடங்குக்குத் தீ வைத்தவள், கைக்குழந்தைக்காரி. காதுக்குள் ஒரு குரல் சொல்லித்தான் வைத்தாள் என்பது டாக்டரம்மாவின் அறிக்கை. நீதிபதி ஏற்றால் மருத்துவமனை, இல்லையென்றால் சிறை.

போறாத வேளை, அறிக்கையில் இப்படி ஒரு வரி: "குரலின் பேச்சைக் கேட்டுத் தீ வைத்தாள்." அரசு வக்கீல் விடுவாரா?

"டாக்டரம்மா, நான் சொல்றது எம் பையன் காதுல நல்லாவே விழுது. ஆனா என் பேச்சைக் கேக்க மாட்டான்." கோர்ட்டே சிரித்தது. "அதே மாதிரி இவங்களும் எப்பவாச்சும் அந்தக் குரல் பேச்சைக் கேக்காம இருந்திருக்காங்களா? ஆமா, இல்லை, அது போதும்."

ஒரு தடவை மறுக்க முடிந்தது என்றால் தீ வைத்ததும் அவள் இஷ்டம்தான் என்றாகிவிடும்; இல்லை என்று ஒரு பொய் சொன்னால் அவள் பிழைப்பாள். டாக்டரம்மா தம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

"ஆமா."

தையல்காரியின் வக்கீல் தலையில் கை வைத்தார். அரசு வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே.

"அப்படி எதைக் கேக்கல? கோர்ட்டுக்கும் சொல்லுங்களேன்."

எல்லாம் அறிக்கையிலேயே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

"குழந்தையை மாடியில இருந்து போடச் சொல்லுச்சு. கேக்கல. தலையணையை வெச்சு அமுக்கச் சொல்லுச்சு. கேக்கல. கை தானா போயிடுமோன்னு தூங்காமலே கிடந்திருக்காங்க. கடைசியில, கிடங்கைக் கொளுத்தினா குழந்தையை விட்டுடுறேன்னு சொல்லுச்சு. அதைக் கேட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனை என்றே தீர்ப்பு வந்தது.

அன்றும் கணவர், "டீ வேணுமா?" என்றார்.

"வேணும்." கணவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "போட்டு எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காருங்க. எனக்கு மனசு சரியில்லை."

அவர் டீ போடப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.