மூசி ஆற்றுச் சக்களத்தி

போன ஞாயிறு எங்கள் கல்யாண நாள். "சாயங்காலம் ரெடியா இரு, ஒரு இடத்துக்குப் போறோம்" என்றார் வீட்டுக்காரர். ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். வாரம் முழுக்க மானிட்டரைப் பார்க்கிற கண்ணுக்கு என் முகம் தெரிவதே அபூர்வம். அரக்குப் பட்டுப்புடவை, புது மூக்குத்தி சகிதம் கிளம்பினேன். எங்கே... டாங்க் பண்ட் ஏரிக்கரை? பிரியாணி?

ஆட்டோ நின்ற இடம் மூசி ஆற்றங்கரை.

முழங்கால் உயரப் புல், நாலைந்து எருமைகள், சாக்கடை நாற்றம். எதிரே — பழைய ரயில் பாலம்.

"நிஜாம் காலத்துது" என்றார், சொந்தக்காரப் பெண்ணை அறிமுகப்படுத்துகிற குரலில். "மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்துச்சு. மேல இருந்த இரும்பை எல்லாம் மாத்தினாங்க. கல் தூண் மட்டும் அசையல. தண்ணி வர்ற பக்கம் பாரு, மூக்கு மாதிரி கூர்மையா இருக்கில்ல? வெள்ளம் ரெண்டா பிரிஞ்சு போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மூக்கும் கூர்மைதான். அதில் புதுசாக ஒரு கல்லும் இருக்கிறது. பார்த்தாரா?

"பாலத்து இரும்பு உத்தரத்தை ஒரு முனையிலதான் இறுக்குவாங்க. மறுமுனை உருளை மேல சும்மா உக்காந்திருக்கும். வெயில்ல இரும்பு நீளுமே, பாவம்."

அதற்குப் பாவம். பட்டுப்புடவையில் வேர்த்து வழிகிறவளுக்கு?

அப்புறம் கேமராவை எடுத்தார். "அந்தத் தூண்கிட்ட போய் நில்லு." அப்பாடா! கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, எருமைகளைத் தாண்டிப் போய், பல் தெரியச் சிரித்தேன். "தலையை நிமிர்த்து. நேரா நில்லு." இத்தனை அக்கறையாக அவர் என்னைப் படம் எடுத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், சுண்டுவிரல் அளவில் நான். படம் முழுக்கத் தூண்.

"என் முகமே தெரியலையே?"

"முகம் எதுக்கு? உன் உயரம் எனக்குத் தெரியும். பக்கத்துல நீ நின்னாத்தான் தூண் உயரத்தைக் கணக்குப் போட முடியும்."

கல்யாண நாளில் நான் ஸ்கேல்.

மாடி வீட்டு ஸ்டெல்லாவிடம் புலம்பினேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் பாதி ஊர் உருது, 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் எதுக்கு. "ஹவ், கல்லைப் பார்த்து கைக்கு பொறாமை? அதுக்கு வயசாயிடுச்சு, விடு" என்றாள். வயசானவளுக்கே இந்த மவுசு என்றால் எனக்கு எப்படி ஆறும்?

நேற்று அவர் ஆபீஸ் போனதும் படத்தை டிலீட் செய்ய உட்கார்ந்தேன். தூணை ஒட்டிக் கீழிருந்து மேலே கோடு இழுத்திருக்கிறார். கோடு தொடங்குவது என் காலடியில். அழிக்கக் கை வரவில்லை.

எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன... அவளை அளக்க நான்தானே வேண்டியிருக்கிறது!