கால் பார்க்க ஆள் இல்லை

மாதனூர் பக்கத்து ஊர் ஒன்றில் முனிரத்தினம் என்று ஒருவர். முப்பத்தொரு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை செய்தவர். அந்த வேலை மூக்கைத் தின்றுவிட்டது; மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். அப்புறம் சர்க்கரை வந்து பாதத்தில் இருந்த உணர்ச்சியையும் பிடுங்கிக்கொண்டது. பொண்டாட்டி போய்ச் சேர்ந்தாச்சு. ஒரே மகள் ஜோதியை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

ஆனாலும் மனுஷன் திடமாகத்தான் இருந்தார். காரணம் பூவரசன். அதே தொட்டியில் கூட நின்ற தோஸ்து, அவருக்கும் சர்க்கரை. "பாதத்தை தினமும் பாருங்க" என்று நர்ஸ் சொன்னாள். இரண்டு பேருக்குமே குனிய முடியாது. அதனால் காலையில் டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் காலை இன்னொருத்தர் மடியில் போட்டுப் பார்ப்பார்கள். "இன்னாடா, குதிங்கால் வெடிச்சிருக்கு. எண்ணெ தடவு." ஊரே சிரிக்கும். சிரிக்கட்டுமே! ஏழு வருஷத்தில் ஒரு புண் தங்கியதில்லை.

தொண்ணூற்றாறில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். ஷாப் கழிவு எந்த வழியாகப் போகிறது என்று கேட்டதற்கு ஊர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. இந்த ஆள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டித் தொலைத்தார். ஷாப்பை மூடிவிட்டார்கள். நாற்பது குடும்பத்துக்கு வேலை போனது. அன்று சாயங்காலமே கோயில் எதிரில் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள்: முனிரத்தினத்தோடு எவன் பேசினாலும், அவன் வீட்டுச் சாவுக்கு ஒருத்தரும் போகக் கூடாது, பாடை தூக்கக் கூடாது.

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். பூவரசன் எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் முனிரத்தினம் கடைப் பக்கமே போகவில்லை. பேச ஆளில்லாதவனுக்குச் சோறு எங்கே இறங்கும்? மாத்திரை ஒரு வேளை விட்டது, பிறகு நாள் கணக்கில் விட்டது. எப்போதோ வலது பாதத்தில் ஆணி ஏறியது அவருக்குத் தெரியாது. புண் அழுகியதும் தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது. அவர் நடந்துபோனால் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். அதுவும் கட்டுப்பாட்டில் சேர்ந்த அவமானம் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அட பாவிகளா, ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போயிருக்கும்!

காய்ச்சல் தாங்காமல் வேலூர் பஸ் ஏறினார். கண்டக்டர் வெளியூர்க்காரன். "யோவ் பெருசு, இன்னா கால்ல பொணத்தைக் கட்டிக்கினு வர்றியா?" இரண்டு மாசத்தில் ஒரு மனுஷன் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. திட்டினவனே அவர் செருப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் பூவரசன் வந்தார். வேலூரில் ஊர்க்காரன் கண் எட்டாது. கட்டிலோரம் நின்று, கால் இருக்கவேண்டிய இடத்தையே பார்த்தார்.

"எனக்கு மொதல்லயே நாத்தம் தெரிஞ்சிபோச்சுடா முனி. நாலு தபா உன் வாசல் வரிக்கும் வந்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா ஒரு விரலோட போயிருக்கும்னு டாக்டர் சொல்றார்டா."

"எங்கம்மா இழுத்துக்கினு கெடந்துது. இன்னிக்கோ நாளைக்கோன்னாங்க. தூக்க நாலு பேர் வேணுமேடா."

முனிரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படா போச்சு அம்மா?"

பூவரசன் தரையைப் பார்த்தார்.

"போவல. எழுந்து உக்காந்துடுச்சு. காலையில ரெண்டு இட்லி துன்னுச்சு."