ஞாயிற்றுக்கிழமைக்கு வழியில்லாத ஊர்

திருப்பூரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களை நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்பதில்லை. டாலர் சிட்டி என்பார்கள். உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கிற ஊர் என்பார்கள். சரி, தைத்துக் கொடுக்கிறது. அதற்கப்புறம்? ஆறு நாள் தைத்துவிட்டு ஏழாம் நாள் அந்த ஊர் என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தூங்குகிறது. மத்தியானம் எழுந்து கறி தின்கிறது. சாயங்காலம் முடிவெட்டும் கடையில் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் "எந்தக் கம்பெனிங்க?" என்று விசாரிக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு உயிர் வந்து திரும்பவும் தைக்கப் போய்விடுகிறது.

இதை வெளியூர்க்காரன் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவன், பதினேழு வருஷம் அங்கேயே கிடந்து செக்கிங் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவன் சொல்கிறேன். செக்கிங் என்றால், தைத்து வந்த துணியைப் புரட்டிப் பார்த்து அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது. ஓட்டை, கறை, தையல் விட்டது, ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நிறம் மாறியது. எனக்கென்றே செய்து வைத்த வேலை. எதைப் பார்த்தாலும், இது எங்கே கெட்டுப் போயிருக்கும் என்றுதான் என் புத்தி போகும். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் நகர்ந்ததும் கேஸை மூடினோமா என்று பார்க்க அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்புவேன். கம்பெனியில் இந்தப் பயத்துக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே நிற்பவன் போட்டிருக்கும் பனியன் துணியை, அவனைக் கேட்காமலேயே தொட்டுப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபமானாலும் ஆஸ்பத்திரியானாலும் ஒன்றுதான். முதலில் இரண்டு விரலால் கசக்கிக் கனம் பார்ப்பது. பிறகு கீழ் மடிப்பைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பது. அப்புறம்தான் சௌக்கியம் விசாரிப்பது. ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தடவி ஆறுதல் சொன்ன பெரியவர் ஒருவர், அந்தக் கையாலேயே அவன் காலரை மெல்ல இழுத்து விட்டுப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வெளியே வந்ததும் "நல்ல துணிங்க, பாத்தீங்களா?" என்றார். நான் பார்த்திருந்தேன். அதுதான் அசிங்கம்.

என் மனைவி சென்னையில் வளர்ந்தவள். எங்களுக்குச் சொந்தம்தான், அவள் அப்பா பிழைப்புக்கு அங்கே போய்த் தங்கிவிட்டவர். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல புடவையாகக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாசலில் வந்து நின்றாள்.

"எங்கங்க போறோம்?"

எனக்குப் புரியவில்லை. "எங்க போகோணும்?" என்றேன்.

"ஞாயித்துக்கெழமைங்க இன்னிக்கு."

"ஆமா புள்ள. லீவு."

தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். பிறகு உள்ளே போய் அதே புடவையோடு படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யாமல் இல்லை. பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள் செல்போனில் நூல் விலையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தன. சினிமாவுக்குப் போனோம். தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று தேடியதில் எனக்குப் பாதிக் கதை போய்விட்டது. ஒரு நாள், சாயப்பட்டறைக் கழிவு ஓடும் நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நின்று கீழே காட்டி, "இந்த வாரம் கருநீலம் ஜாஸ்தி போகுது பாரு. எவனோ பெரிய ஆர்டர் புடிச்சிருக்கான்" என்றேன். உண்மையிலேயே அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

எங்கள் பாப்பாவுக்கு மூன்றரை வயதானபோது விஷயம் முற்றியது. ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். "சேத்தா மெட்ராஸ்லதான்" என்று சொல்லிவிட்டாள். அவள் அண்ணன் அங்கே ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தார். அதே கடையில் பனியன் பிரிவுக்கு ஆள் தேடுவதாகவும், என்னைச் சேர்த்துவிடுவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பேசி முடிப்பது என்று ஏற்பாடு. முடிந்தால் மே மாதமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவதை நினைத்தேன். கடல் ஊருக்குள் வந்ததை டிவியில் பார்த்திருந்தேன். கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி வீடு பார்க்க வேண்டும் என்று காலண்டர் அட்டையில் கணக்குப் போட்டேன். இவையெல்லாம் வெளியே சொல்லக்கூடிய பயங்கள். சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. இந்த ஊரில் நான் எத்தனாவது படித்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. துணியைத் தொட்டால் சொல்லிவிடுவான் என்ற பெயர் போதுமாக இருந்தது. அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் சிரித்து, இரண்டு வார்த்தையாவது இங்கிலீஷ் பேச வேண்டும். முதல் நாளே சிரிப்பார்கள்.

அதனால் ஒரு காரியம் செய்யத் துணிந்தேன். இவ்வளவு நாள் நானே காறித் துப்பிக்கொண்டிருந்த ஊரை, வாழ்வதற்கு நல்ல ஊர் என்று மச்சானுக்குக் காட்டிவிடுவது. அவர் மனம் மாறினால் தங்கையை அவரே சமாதானம் செய்வார் என்று கணக்கு.

கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் யோசனை கேட்டேன். உள்ளூர்க்காரர், நெசவுக் குடும்பம்.

"விருந்தாளிய எங்க கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு கேள்விங்களா? நம்ம பின்னாடி ஷெட்டுல புது நிட்டிங் மிசின் எறக்கிருக்குதுங்களே. கூட்டிட்டு வாங்க, ஓட்டியே காட்டறேன்."

"ஞாயித்துக்கெழமைங்க மாஸ்டர்."

"அதனால என்னுங்க? மிசினுக்கு ஞாயித்துக்கெழமை தெரியுமா?"

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நிமிராமலேயே சொன்னார்: "அண்ணே, நான் வந்து எட்டு வருசமாச்சு. பஸ் ஸ்டாண்டு, கம்பெனி, சர்ச்சு. நாலாவதா ஒரு எடம் இருந்தா எனக்கும் சொல்லுங்க, போயிப் பாத்துட்டு வந்துருதேன்."

மச்சான் சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி ஞாயிறு காலையில் வந்து இறங்கினார். குளித்து, ஒரு வெளிர் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, கேமரா போனைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். நான் அவரை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றினேன். சுற்ற என்ன இருந்தது? கடைசியில், ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்த துணிகளைத் தெருவில் குவித்து விற்கும் காதர்பேட்டைக்குத்தான் வண்டி தானாகப் போய் நின்றது. அவர் குவியல்களைத் தாண்டித் தாண்டி நடந்தார். அந்தப் போனில் ஒரு படம் கூட எடுக்கவில்லை.

"என்னங்க மாப்ள, வேற ஒண்ணும் இல்லீங்களா?"

"கோயில் இருக்குதுங்க மச்சான்."

"கோயில் எல்லா ஊர்லயும் இருக்குது. போரடிச்சா எங்க போவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க தெனமும் பீச்சுக்குப் போயிருவீங்களாட்ட இருக்குது" என்றேன்.

"நேரம் எங்கீங்க? போயிப் பத்து மாசமாச்சு. ஆனா நெனச்சாப் போலாமுல்ல?"

போகாத கடலுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று மனதுக்குள் ஏசினேன். பத்து மாதமாக அவரும் என்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமை கறி தின்று தூங்கியவர்தான். அவர் ஊரில் கடல் இருக்கிறது, என் ஊரில் இல்லை. அந்தக் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தூங்கினால் அது நாகரிகம். இப்படி நினைக்க எனக்கு நன்றாக இருந்தது. 

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா, விருந்தாளியைப் பார்க்கிற சாக்கில் வந்து, "வா கண்ணு" என்று பாப்பாவை மடியில் எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். மச்சான் சென்னையில் புதிதாக வந்திருக்கும் ஷாப்பிங் மால் ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். படி நகருமாம். உள்ளே போனால் ஏப்ரல் மாதம் என்றே தெரியாதாம். என் மனைவி வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்தில் நான் பார்க்காத முகம்.

"இந்த டி-ஷர்ட் அங்க எடுத்ததுதாங்க மாப்ள. பாரின் பிராண்டு. ஆயிரத்து எரநூறு. இந்த மாதிரி துணி நம்ம பக்கமெல்லாம் கண்ணுல பாக்க முடியாது."

என் கை போனது. கனம் பார்த்தது. கீழ் மடிப்பைத் திருப்பியது. பக்கத் தையலில், துவைக்கும் முறை அச்சடித்த சின்னப் பட்டையைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். கழித்த துணியைத் தெருவுக்கு விடும்போது வெட்டுகிற வெட்டு. அக்குளுக்குக் கீழே பொட்டு அளவில் மிசின் எண்ணெய்க் கறை.

"மச்சான், இது ரிஜெக்ட்டுங்க" என்றேன். "நம்மூருதுதான். காத்தால நடந்தோமே, அந்தத் தெருவுலிருந்துதான் மெட்ராஸ் பிளாட்பாரத்துக்குப் போயிருக்கும்."

 வீட்டுக்காரம்மா பாப்பாவின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போலிருக்குதுங்க" என்றார் மச்சான்.

அத்தோடு விட்டிருக்கலாம். "பில் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் மடிப்பை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டார். காதோரம் சிவந்திருந்தது. தங்கையிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். திங்கட்கிழமை போவதாக இருந்தவர், அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டார். வேலையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஸ்டேஷனில் நான் பையை நீட்டியபோது "வரேனுங்க" என்றார். பின்னால் "மாப்ள" இல்லை; அந்த வெறும் "ங்க" என் முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. என் மனைவி பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"வேற ஆள் எடுத்துட்டாங்க மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கைக்கு அந்த ஊருதாங்க தோது."

"சரிங்க மச்சான்" என்றேன். குரலில் வருத்தம் காட்டினேன்.

போனை வைத்ததும் எனக்குப் பசித்தது. ஆறு தோசை தின்றேன். ஏழாவதைப் போடச் சொல்லித் தட்டை நீட்டியபோதுதான், அவள் தோசைத் திருப்பியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

"ரொம்ப சந்தோசமுங்களா?"

"ஏம்புள்ள, நான் என்ன பண்ணுனேன்? கை தானாப் போயிருச்சு."

"கை தானாப் போச்சு. சரி. பில் இருக்குதான்னு கேட்டதும் கைதானுங்களா?"

தட்டைக் கீழே வைத்தேன்.  கேட்டது பழக்கம்தான் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, கறையைக் கண்ட அந்த நொடியிலேயே தப்பிக்க வழி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும் என்று இன்னொரு நாள் தோன்றும். சலிப்பூட்டும் ஊர், மனிதன் வாழ லாயக்கற்ற ஊர் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அதை விட்டுப் போக வேண்டாம் என்றதும் ஆறு தோசை தின்றேன். ஊரை விடக் கேவலமானவன் ஒருவன் அதில் இருந்தான்.

"அண்ணன் பொய் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "மால்ல எடுத்ததா இருந்தா, பையையும் மடிச்சுக் கொண்டாந்து காட்டியிருப்பான். தெரிஞ்சுதான் கேட்டுட்டு இருந்தேன். எனக்குக் கேக்க நல்லா இருந்துது."

ஏழாவது தோசையையும் போட்டாள். சாப்பிட்டேன், வேறென்ன செய்வது?

அடுத்த வாரம் அவளே போய், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கி வந்தாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. தரையில் வைத்துக் குனிந்து, பாப்பாவின் பெயரில் தொடங்கி ஒவ்வொன்றாக நிரப்பினாள். தற்போதைய முகவரி என்ற இடத்தில் எங்கள் வாடகை வீட்டை எழுதினாள். அதற்குக் கீழே நிரந்தர முகவரி என்று இருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் சென்னையில் அவள் அம்மா வீட்டை எழுதினாள், பின்கோடு உட்பட.

பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன்.