பல் தெரியச் சிரித்த பூனை

என் பட்டறையில் பிறந்த எவரும் பல் தெரியச் சிரித்ததில்லை. மாதா சிரிப்பதில்லை, உதட்டோரம் கொஞ்சம் இளகுவார், அவ்வளவுதான். சூசையப்பருக்குத் தாடியே பாதி வாயை மறைத்துவிடும். வானதூதர்களுக்கு எக்காளம் ஊதவே நேரம் போதாது. நான் மரத்தில் சுருவம் செதுக்குகிறவன். திருகோணமலைக் கரையோரத்தில் கோயில்களுக்குக் குறைவில்லை, ஆகவே எனக்கு வேலைக்கும் குறைவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பல் செதுக்க வேண்டி வந்ததில்லை. அதை ஒரு குறையாக யாரும் சொன்னதுமில்லை, என் மனைவி பூனை கேட்கும்வரை.

அவள் துறைமுகத்துக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில், வீட்டோடு ஒட்டிய மண்டபத்தில் ஒரு நேர்சரி நடத்துகிறாள். போன வருடம் பெரிய வீதியில் புதிதாக இன்னொன்றைத் திறந்தார்கள். அங்கே பிளாஸ்டிக் சறுக்கு, பிளாஸ்டிக் குதிரை, பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருந்தன. எங்கள் ஒழுங்கைப் பெற்றோரே பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து அங்கே போனார்கள். தை மாதம் புதுப் பிள்ளைகள் சேராவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, கீரை நுள்ளுவதுபோல் குனிந்துகொண்டாள். முறத்தில் கீரையே இருக்கவில்லை.

அடுத்த நாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, கேற்றில வைக்க ஒரு பூனை, ஒரு எலி, ஒரு வாத்து செய்து தாங்கோ. பழைய காட்டூனில வாறது மாதிரி. பிள்ளையள் கண்டவுடன சிரிக்க வேணும்."

"மாதாவையே செய்யிறவனுக்குப் பூனை ஒரு வேலையோ?" என்றேன்.

பழைய காட்டூன்களைத் தொலைபேசியில் போட்டுப் பார்த்தேன். பூனை தட்டையாகும், வெடிக்கும், கருகும், மறுபடி எழுந்து ஓடும். உடம்பில் பாதி தலை. கையில் நான்கே விரல். புனிதர்களின் விரல்களில்தான் என் ஆயுளில் பாதி போனது. ஆளுக்கு ஒரு விரல் குறைவு என்றால் எனக்கு இலாபம்தானே என்று சந்தோஷப்பட்டேன். மரக்காலையில் நல்ல வேப்பங்குற்றியாகப் பார்த்து வாங்கிவந்து, கொட்டாப்புளியும் உளியுமாக உட்கார்ந்தேன்.

பூனை முடிந்தது. பெயின்ற் அடித்துக் காயவைத்து, கேற்றுத் தூணின் மேல் ஏற்றினேன். மறுநாள் காலை வந்த பிள்ளைகள் பூனைக்கு முன்னால் வரிசையாக நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பினார்கள்.

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். பூனையின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் வானத்தைப் பார்த்தன. ஒரு கை நெஞ்சில் இருந்தது, மற்றது நான்கு விரல்களாலும் ஊரை ஆசீர்வதித்தது. வாய் இறுக்க மூடியிருந்தது. கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது, என்னைக் கேட்கவில்லை.

அந்த வழியாக வந்த பாதர் சைக்கிளை நிறுத்தி மேலே பார்த்தார்.

"இவர் ஆர்?"

"பூனை, பாதர்."

"அது விளங்குது. வேதசாட்சியோ எண்டுதான் கேட்டனான். முகத்தில அவ்வளவு வேதனை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேறு யாராவது என்றால் நல்லாகக் கேட்டிருப்பேன். பாதர் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கோழி ஒன்று காணாமல் போயிருந்தது. அவ ஒரு செவ்வரத்தம்பூவைப் பூனையின் காலடியில் வைத்து, ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டுப் போனா. பின்னேரம் கோழி தானாக வந்து சேர்ந்தது. அக்கா ஓடிவந்து, "இவரை எனக்குத் தாங்கோ, நான் வைச்சுப் பார்க்கிறன்" என்று பூனையைக் கேட்டு, தூக்கிக்கொண்டே போய்விட்டா.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு இதைச் சொன்னேன். "பூனையிட்டப் போய்க் கோழியைக் கேட்டு வாங்கின ஆள் உலகத்தில இவதான்" என்று அவள் சிரிக்கத் தொடங்கினாள். அது ஒரு சிரிப்பு. கண் இரண்டும் மூடிவிடும். மூக்குச் சுருங்கும். வாய் காது வரை போய், இடது பக்கத்துத் தெத்திப்பல் வெளியே வந்து நிற்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் நினைவு வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பல் அவளுக்கு வாழ்நாள் வெட்கம். வெளியில் சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும். படம் எடுத்தால் நிச்சயம் போகும். எங்கள் கல்யாணப் படத்தில் அவள் பூச்செண்டைக் கடித்துத் தின்னப் போகிறவள்போல் நிற்பாள். எனக்கு அந்தச் சிரிப்பில் கொள்ளை ஆசை. ஆனால் அதை ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

இரண்டாவது பூனையைத் தொடங்கினேன். இந்த முறை முதலில் வாயைத் திறந்தேன். பல்வலிக்காரனைப்போல் இருந்தது. மீன் சந்தையில் நின்று சிரிக்கிறவர்களைப் பார்த்தேன். சும்மா நின்று வாயைப் பார்க்கிறவனைக் கண்டதும் அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து, எதையும் பார்க்காமல், உளியை அதன் பாட்டில் விட்டேன். கண் மூடியது. மூக்குச் சுருங்கியது. வாய் காது வரை போனது. சத்தியமாக நான் ஒன்றும் திட்டமிடவில்லை.

தூணில் ஏற்றிவிட்டு இறங்குமுன் ஒரு ஓட்டோ நின்றது. ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணை, டீச்சர் எப்ப கேற்றில ஏறினவ?"

மனைவி வெளியே வந்தாள். பூனையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ர பல்லைக் கொண்டுபோய்க் கேற்றில கொழுவியிருக்கிறீங்கள்."

"அது பூனையின்ர பல்."

"பூனைக்கு ஆர் தெத்திப்பல் வச்சது?"

"வடிவாத்தானே இருக்கு."

"உளியை எடுத்து அதைத் தட்டி விடுங்கோ."

"நான் சுருவம் செய்யிறவன். பல்லுப் புடுங்க வேணுமெண்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம்."

அன்று எனக்கு வெறும் சோறும் சொதியும்தான். அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படியே இழுபட்டு, பிள்ளைகளைச் சேர்க்கும் நாள் வந்துவிட்டது. அன்று விடியவே அவள் கதிரை போட்டு ஏறி, பூனையின் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கட்டினாள். பூனை தூக்குமேடைக்குப் போகிறவன்போல் நின்றது.

வாசலுக்கு முதலில் வந்தது ஒரு தாயும் சின்னப் பெண் பிள்ளையும். பிள்ளை கேற்றைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கே கேட்கும்படி அலறினாள்.

தாய்க்கு வெட்கமும் அந்தரமுமாகிவிட்டது. "வேண்டாம் டீச்சர். மற்ற இடத்தில பிளாஸ்டிக் குதிரை இருக்காம். அதைக் காட்டினா அழமாட்டாள்."

மனைவியின் கை வாயில் இருந்தது. சிரிப்பை மறைக்க அல்ல, அழுகையை அடக்க. நான் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மான்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாடுபோல் தெருவில் திரியும், கண்டதையும் தின்னும். அப்படி ஒன்று வந்து, தொங்கிய சாக்கின் நுனியைக் கவ்வி இழுத்தது. மனைவி "சூ! சூ!" என்றாள். மான் சாக்கை உருவிக்கொண்டு ஒழுங்கையில் ஓடிவிட்டது.

பிள்ளையின் அலறல் பாதியில் நின்றது. பூனையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் இது சிரிக்குது?"

"தெரியாது அம்மா" என்றாள் மனைவி, கைக்குப் பின்னால் இருந்து.

"நீங்கள் ஏன் வாயைப் பொத்துறீங்கள்? கையை எடுங்கோ."

எடுக்கவில்லை. பிள்ளை எட்டி, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அந்த இழுப்பில் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் மூடி, மூக்குச் சுருங்கி, காது வரை. பிள்ளை மேலே பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள்.

"அம்மா! பூனை டீச்சர்!"

இழுத்த கையை விடாமலே உள்ளே போய்விட்டாள். தாய் வாசலில் தனியாக நின்றா.

பூனை டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். நேர்சரியைப் பூட்டும் கதை நின்றுபோனது. பிறகு எலியும் வாத்தும் செய்தேன். எலிக்கு என் சிடுமூஞ்சி அப்படியே வந்திருக்கிறது என்று மனைவி ஊருக்கெல்லாம் காட்டுகிறாள். அதற்குச் சாக்குக் கட்டப் போன என்னை அவள் விடவில்லை.

வருட முடிவில் பூனைத் தூணின் கீழ் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். அதை நான் சட்டம் போட்டு, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அதில் மனைவியின் இந்தக் கையில் இரண்டு பிள்ளைகள் தொங்குகிறார்கள், அந்தக் கையில் இரண்டு பேர். வாயைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.