இருபத்திநாலாம் இடம்

பனிக்கட்டியை நான் நேர்ல பார்த்ததெல்லாம் எங்க ஏரியா ஈஜிபுரா மீன்கடையிலதான். ஆனா நாலு வருஷமா எனக்குச் சோறு போடறது ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனித்தரையில சறுக்கி ஆடற ஆட்டம். உலகத்துல எந்த மூலையில போட்டி நடந்தாலும் அதோட மார்க் எங்க ஆபீசுக்கு வரும். நாங்க அட்டவணையில ஏத்தி ஒரு பட்டனைத் தட்டினா, எந்தெந்த நாட்டுக்காரங்க போன்லயோ அந்த நிமிஷமே முடிவு தெரியும். ஆட்டத்தை மட்டும் நாங்க பார்க்கிறதில்ல. வீடியோ கொஞ்சம் தாமதமா வரும், நம்பர் உடனே வந்துடும். அதனால எங்களுக்கு நம்பர்தான் ஆட்டம்.

பக்கத்து சீட்டுல தங்கவயல் அக்கா. தினம் காலையில அந்த ஊர்லேருந்து ரயிலேறி வந்து, சாயங்காலம் ரயிலேறிப் போற மனுஷி. நான் ஏத்தினதை, பின்னாடி வர்ற அதிகாரபூர்வத் தாளோட வரி வரியா ஒப்பிட்டுப் பார்க்கிறது அவங்க வேலை. நான் வேகம், அவங்க நிதானம். என்னை முந்திரிக்கொட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அதுல உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது.

அந்த வேகத்துக்குப் பின்னாடி ஒரு தொழில் ரகசியம் இருந்தது. பெண்கள் போட்டியில முதல் சுற்றுல முப்பத்தஞ்சு பேர் வரைக்கும் ஆடுவாங்க. அதுல இருபத்திநாலு பேர்தான் ரெண்டாவது சுற்றுக்குப் போவாங்க, மீதிப் பேர் மூட்டை கட்ட வேண்டியதுதான். எப்பவும் வாலுல வர்றவங்க யார் யாருன்னு எங்களுக்கு மனப்பாடம். அவங்க பேருக்கு நேரா, ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 'வெளியே'ன்னு போட்டு வெச்சிடுவோம். கடைசி நேரத்துல கை மிச்சம். இதை ஆரம்பிச்சு வெச்ச புண்ணியவதி நான்தான்.

அப்படி நான் கண்ணை மூடிக்கிட்டு 'வெளியே' போடற பேர் ஒண்ணு உண்டு. ஏதோ சின்ன நாட்டுக்காரி, முப்பது வயசு தாண்டினவ. முப்பதாவது, முப்பத்திரண்டாவது, இருபத்தொன்பதாவது, திரும்ப முப்பத்திரண்டாவது. மூஞ்சி கூடத் தெரியாம அவளை 'நம்ம கடைசிக்காரி'ன்னு செல்லமாச் சொல்லுவோம்.

இதுல வேடிக்கை என்னன்னா, முன்கூட்டியே முடிவு கட்டறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பத்தாவது படிக்கும்போது கணக்கு வாத்தியாரோட மார்க் நோட்டை ஸ்டாஃப் ரூம்ல கொண்டுபோய் வைக்கச் சொன்னாங்க. திறந்து பார்த்தேன். பரீட்சையே நடக்கல, என் பேருக்கு நேரா பென்சில்ல 'பெயில்'னு இருந்தது. நான் பாஸ் பண்ணிட்டேன். ஆனா அந்த ஆளை மன்னிக்கல. மாசம் ஒரு தடவையாவது அக்காகிட்ட அவரைத் திட்டித் தீர்த்தாத்தான் எனக்குச் சாப்பாடு செரிக்கும்.

அந்தப் போட்டி கிழக்குப் பக்கத்து நாட்டுல நடந்ததால எங்களுக்கு நல்ல பகல். கடைசி ஆளோட மார்க் வந்த அதே செகண்டுல பட்டனைத் தட்டிட்டு, டீ எடுக்க எழுந்தேன். திரும்பி வந்தா அக்காவோட விரல் தாள்ல ஒரே இடத்துல நின்னுட்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடிச்சு உட்கார வெச்சாங்க. இருபத்திநாலாவது வரியில எங்க கடைசிக்காரியோட பேர்.

எங்க அட்டவணையில இருபத்திநாலுக்கு அடியில போடற கோட்டுக்குக் கீழே அவ 'வெளியே'ன்னு இருந்தா. அவ இடத்துல இருபத்தஞ்சாவதா வந்தவ உட்கார்ந்திருந்தா. பதினோரு நிமிஷம் உலகம் பூரா அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. திருத்த அரை நிமிஷம் கூட ஆகல.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல, இல்ல?" அக்கா தாளை என் பக்கம் தள்ளி வெச்சாங்க.

டீம் லீடர் வந்தார். எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம், தப்புப் பண்ணினவங்க அந்த ஆட்டத்தோட வீடியோவை முழுசாப் பார்த்துட்டு, என்ன நடந்ததுன்னு எழுதித் தரணும். அவர் அதைக் கன்னடத்துல மெதுவாத்தான் சொன்னார். கத்தியிருந்தா தேவலைன்னு இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். நம்ம கடைசிக்காரி வந்தா. ஒல்லி உடம்பு, ஒரு முழங்கால்ல தோல் நிறத்துக் கட்டு. பாட்டு ஆரம்பிச்சதும் பின்பக்கமாவே ஓட ஆரம்பிச்சா. போற திசையைத் திரும்பிக் கூடப் பார்க்கல. அருவாமனை மாதிரி ஒரு இரும்புத் தகடு, அதோட விளிம்புல ஒரு முழு மனுஷி! எம்பினா, காத்துல சுத்தினா, ஒத்தைக் கால்ல வந்து நின்னா. காலுக்கடியில வெள்ளைத் தூள் பறந்தது. அம்மாடி, இந்த ஒரு தாவலுக்குத்தானா நான் 'நாலு புள்ளி ரெண்டு'ன்னு அடிச்சுட்டு டீ குடிக்கப் போனேன்? நாலு வருஷமும் இது அந்த நம்பருக்குள்ள இருந்திருக்கு. மூணு நிமிஷம் கூட இல்லாத ஆட்டம்.

எழுதணுமேன்னு வீடியோவைக் கடைசி வரைக்கும் ஓட்டினேன். எல்லாரும் ஆடி முடிச்சதும் கேமரா உள்வராண்டாவைக் காட்டிச்சு. ஓரமா அவ. கோட்டு போட்டு, பை தோள்ல. போனைப் பார்த்தா. பார்த்துட்டு, சரின்னு தனக்குத்தானே தலையாட்டிக்கிட்டுப் போனைப் பைக்குள்ள போட்டா. வாசல் பக்கம் நடந்தா. பின்னாலேயே அவ கோச் ஒரு தாளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். அவ இல்லைன்னு தலையாட்டினா. அவர் விரல் வெச்சுக் காட்டினார். மறுபடியும் இல்லைன்னு தலையாட்டினா. மூணாவது தடவைதான் குனிஞ்சு படிச்சா. படிச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்து முகத்தை மூடிக்கிட்டா.

அவ போன்ல பார்த்தது எங்க அட்டவணையா, வேற எதாவதா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் இல்ல. ஆனா ஹெட்போனைக் கழட்டாமலே அழுதேன். அந்த வாத்தியாராவது பென்சில்ல எழுதினார், எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் உலகத்துக்கே எழுதிப் போட்டேன்.

ரெண்டாம் நாள் முதல் ஆளா அவதான் ஆடினா, கடைசி இடத்துல உள்ளே வந்தவங்க முதல்ல ஆடணுமாம். அக்கா தன் போனை டிபன் பாக்ஸ்ல சாய்ச்சு வெச்சாங்க. நான் வேலையை ஒரு கையால பார்த்தேன், வாழ்க்கையிலேயே முதல் தடவையா மெதுவா. அவ ஒரு தடவை விழுந்தா. விழுந்த வேகத்திலேயே எழுந்து, பாட்டை ஓடிப் பிடிச்சா. முடிவுல இருபத்திநாலு பேர்ல இருபத்திநாலாவது. கும்பிடற மாதிரி குனிஞ்சு நாலு பக்கமும் வணக்கம் சொன்னா, ஜெயிச்சவ கூட அவ்வளவு நேரம் சொல்லல. எல்லாரும் ஆடி முடிச்ச பிறகு அவ பேருக்கு நேரா ரெண்டு, நாலுன்னு அடிச்சேன்.

மாசம் முடியறப்போ அக்காதான் கேட்டாங்க, "என்னடி, உன் வாத்தியாரைத் திட்டவே காணோம்?"

அடுத்த போட்டிக்கான பட்டியல் அப்பதான் வந்திருந்தது, அதுல அவ பேரும் இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் நேரா இருந்த கட்டத்தைக் காலியா விட்டுட்டு, கையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.