அப்பா தின்னாத இலை

அப்பாவின் மருத்துவக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. காட்டில் பறித்த, இனம் தெரியாத இலையைச் சமைத்து உண்டதால் நாக்கும் தொண்டையும் வீங்கி அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்று அது சொல்கிறது. வரிக்கு முன்னால் திகதி உண்டு. திகதி சரி. காடு சரி. இலை பற்றிச் சொன்னதும் சரி. ஆள் மட்டும் பிழை.

எங்கள் குடும்பத்தில் நடந்தவற்றைத் திகதி வாரியாக எழுதிவைப்பது என் நெடுநாள் பழக்கம். திகதி கிடைக்காத எதையும் நான் லேசில் எழுதுவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் திகதிகளைத் தெரிந்தே விட்டுவிடுகிறேன். காரணம் கடைசியில் வரும். இளவேனிலின் தொடக்கம், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எட்டு வயது. இவ்வளவு போதும்.

அப்போது நாங்கள் புலம்பெயர்ந்து வந்து மோர்டனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மேல்மாடிச் சின்ன அறையில் சித்தப்பா. அவர் அப்பாவின் தம்பி. போர் முடிந்தபின் வந்தவர். வந்து கொடுத்த அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீடும் தோற்றுப்போயிருந்தது. குறித்த நாட்களில் குரோய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். போகும் காலைகளில் அம்மா அவருடைய பையில் காலுறையும் காய்ச்சல் குளிசையும் வைப்பாள். கையெழுத்துப் போடப் போனவர்களை அப்படியே பிடித்துவைத்து அனுப்பிவிடுகிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் இருந்தது. எனக்கு அந்தப் பை சுற்றுலாப் பை போலத்தான் தெரிந்தது.

வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. அதனால் வீட்டைக் கூட்டுவார், குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய் வைப்பார், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். மேசையில் இருந்து சாப்பிடும்போது கோப்பை சத்தம் போடாமல் சாப்பிடுவார். இரண்டாம் முறை கறி கேட்டதை நான் கண்டதில்லை.

காட்டுக்குப் போனது என்னால்தான். பத்து வகை இலை சேர்த்து ஒட்டிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு வகைக்கு மேல் இல்லை. அப்பா காரை எடுத்தார்.

வழி குரோய்டனுக்குள்ளால் போனது. அந்தப் பெரிய கட்டடம் தெரிந்ததும் சித்தப்பா மற்றப் பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமையடா. பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்கும் பயமோ?" என்றார் அப்பா.

"கண்ணாடி கூடிப்போச்சு அண்ணை. எதாலை பாக்கிறாங்களெண்டு தெரியாது."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சித்தப்பா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

காடு என்று அதைச் சொல்வதே கொஞ்சம் அதிகம். இரண்டு வயல்களுக்கு நடுவே நின்ற மரக்கூட்டம். ஒரு கரையில் நின்றால் மறுகரை வயல் தெரியும். மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. கிளைகள் கறுப்பாக, ஈரமாக நின்றன. நிலம் மட்டும் பச்சை. உள்ளே கால் வைத்ததுமே உள்ளிப்பூண்டு மணம் அடித்தது. "ஆரோ உள்ளி வதக்கினமாதிரி இருக்கு" என்று அம்மா மூக்கைச் சுளித்தாள்.

சித்தப்பா வாசல் படலையருகே நின்றுவிட்டார். தனியார் காணியோ, யாரும் கேட்பார்களோ என்று அவருக்கு யோசனை. பொதுவழி என்று பலகையில் எழுதியிருந்ததை நான் இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகே உள்ளே வந்தார். வந்தவர் சிறிது தூரத்தில் குந்தி இருந்துவிட்டார்.

"அண்ணி, இஞ்சை பாருங்கோ. சேம்பு!"

அம்பு முனை போன்ற, பளபளவென்ற இலை. உள்ளி மணக்கும் நீள இலைகளுக்குள் அது கொத்துக்கொத்தாய் நின்றது.

"இந்தக் குளிருக்குள்ளை சேம்போ?" என்றார் அப்பா.

"சேம்புச் சாதிதான் அண்ணை. குளிருக்கு வளரேல்லைப் போலை."

"எங்களைப்போலை எண்டு சொல்லு. இஞ்சை வந்து குறண்டிப்போச்சு."

அதுவரை நான் காணாத ஒரு சித்தப்பாவை அன்று கண்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்டோடு கிள்ளிக் கிள்ளிப் பையில் போட்டார். எது பிஞ்சு, எது முற்றல் என்று எனக்குச் சொன்னார். போரின் கடைசி மாதங்களில், இடம்பெயர்ந்து போன வழியெல்லாம், பார்த்த இலையைப் பறித்துத்தான் அவர்கள் உயிர் தப்பினார்கள் என்பது நான் பிறகு அறிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, அந்த வீட்டுக்கு அவர் கையால் ஒன்று கொண்டுபோகப் போகிறார், அது அவருக்குப் பெரிய சந்தோசமாக இருக்கிறது என்பதுதான்.

நாயோடு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வந்தார். சித்தப்பா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே எட்டிப் பையை மணந்து பார்த்து, காட்டு உள்ளி, சூப் வைத்தால் அருமை என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அவர் மணந்தது சேம்போடு சேர்ந்து வந்து மேலே கிடந்த உள்ளி இலையைத்தான். அடியில் இருந்ததை அவர் காணவில்லை.

"பாத்தியளோ? வெள்ளைக்காரியே சொல்லிப்போட்டாள்" என்றார் சித்தப்பா. அந்த வருடம் முழுவதிலும் அவர் அண்ணனை வென்றது அந்த ஒரு தரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையை அவரே எடுத்துக்கொண்டார். சேம்பு காறும், புளி விட்டால் காறல் போய்விடும் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பழப்புளி கரைத்து, பச்சை மிளகாய் போட்டு, நன்றாக அவித்துக் கடைந்தார். நான் கோப்பையோடு ஓடினேன். கையால் மறித்தார்.

"பொறு. முதலிலை நான். பிறகு நீங்கள்."

அது இடம்பெயர்ந்த நாட்களில் அவர்கள் பழகிய முறை. தெரியாத இலை என்றால் பெரியவர் ஒருவர் முதலில் தின்பார். மற்றவர்கள், சட்டியில் ஆவி பறக்கப் பறக்க, காத்திருப்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் பிள்ளைகளுக்குப் போடுவது. மோர்டனில், சூப்பர்மார்க்கெட் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீட்டில், நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றியிருந்து அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கவளம். முகம் கொஞ்சம் கோணியது.

"காறுதோ?" என்று அம்மா கேட்டாள்.

"கொஞ்சம். புளி காணாது, அவ்வளவுதான்."

"விடடா. கடையிலை கீரை இருக்கு" என்றார் அப்பா.

அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அதோடு நிறுத்தியிருப்பார் என்று அம்மா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர் இன்னும் ஒரு கவளம் எடுத்து விழுங்கினார். பிறகும் ஒன்று. கண்ணிலிருந்து நீர் ஓடியது. தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். தண்ணீர் வாயால் வழிந்தது. நாக்கு வெளியே தெரியும்படி தடித்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது.

அப்பா கைத்தொலைபேசியை எடுத்தார். அம்புலன்ஸ் என்ற சொல் அவர் வாயில் வந்ததும் சித்தப்பா பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பேச முடியவில்லை. இடது உள்ளங்கையில் வலது கை விரலால் கையெழுத்துப் போடுவதுபோலக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். உணவகத்தில் அப்பா பில் கேட்பது அப்படித்தான். அவர் ஏன் இப்போது பில் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள், பெயரைக் கொடுத்தால் குரோய்டனுக்குத் தெரிந்துவிடும், படுத்திருக்கும் கட்டிலிலேயே வந்து பிடிப்பார்கள். அவர் சொன்னது இது. உயிராபத்தில் வருகிறவரை அவசரப் பிரிவில் விசா கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பக்கத்துத் தெருவில் மதுரைக்காரர் ஒருவர், டொக்டர், இருந்தார். அம்மா ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அவர் சித்தப்பாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க யோசிக்கிறீங்க? இது வீட்ல வச்சுப் பாக்குற விஷயம் இல்ல. இன்னும் வீங்கினா மூச்சே நின்னுரும். ஏத்துங்க, நான் ஓட்டுறேன்."

"விசா பிரச்சினை..." என்று அப்பா தொடங்கினார்.

"ஆமா, தெரியும். செத்தவனுக்கு எதுக்குங்க விசா?"

பிறகு அப்பா, தன் சட்டைப் பையிலிருந்து பணப்பையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "என்ர பேரைக் குடுங்கோ."

டொக்டர் அவரைப் பார்த்தார். "நான் எதையும் கேக்கல. வாசல்ல இறக்கி விடுறேன். உள்ள வரமாட்டேன்."

ஒரே பெயரில் இரண்டு பேர் போக முடியாது. அப்பா வீட்டில் நின்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும், அதனால் நான் போக வேண்டியிருந்தது. காரின் பின் ஆசனத்தில் அம்மா என் காதுக்குள் அப்பாவின் பிறந்த திகதியைச் சொல்லித் தந்தாள். நாங்கள் கேக் வெட்டும் திகதி அல்ல. அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் போட்டு, பிறகு பாஸ்போட்டிலும் எல்லாக் கடதாசிகளிலும் ஏறிவிட்ட திகதி. நான் முதன்முதலாக மனப்பாடம் செய்த திகதி அதுதான். "அங்கை போய்ச் சித்தப்பா எண்டு வாய் தவறியும் சொல்லக்கூடாது. அப்பா. விளங்குதோ?" என்றாள். எனக்கு அது ஒரு விளையாட்டு. பக்கத்தில் அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தாதி என்னிடம்தான் கேட்டார். இவர் உன் அப்பாவா? ஓம் என்றேன். பிறந்த திகதியை ஒரே மூச்சில் சொன்னேன். கெட்டிக்காரி என்றார். சித்தப்பாவின் கையில் ஊசி ஏற்றினார்கள், முகத்தில் புகை வரும் மூடியை வைத்தார்கள். அவர் உடம்பு முழுவதும் நடுங்கியது. பயப்படுகிறார், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தாதி அம்மாவிடம் சொன்னார். அம்மா அசையவில்லை. நான் தமிழில் சொன்னேன். அப்போதும் அசையவில்லை.

எங்கள் வீட்டில் சித்தப்பா, சாப்பாட்டு நேரம் தவிர, அம்மாவுக்கு முன்னால் கதிரையில் இருக்கமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அம்மா மேசையில் வைத்த பிறகுதான் எடுப்பார். தாதி திரும்பிப் பார்த்தார். ஒரு மனைவி ஏன் தயங்குகிறாள் என்ற பார்வை அது என்று இன்று தோன்றுகிறது. அம்மா கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தாள். விடிகிறவரைக்கும் விடவில்லை. சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணால் நீர் வந்தது. நோகிறதாக்கும் என்று நான் எண்ணினேன்.

பிழைத்துக்கொண்டார். குரல் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, கரகரப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்த நாளில், விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்து, சாப்பாட்டு மேசையில் அவரை "அப்பா" என்று கூப்பிட்டேன். யாரும் என்னை ஏசவில்லை. அப்பா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார். அதன் பிறகு, அம்மா சமையலறையில் இருக்கும்போது சித்தப்பா கீழே வருவதில்லை.

அடுத்த கையெழுத்து நாள் வந்தது. அம்மா வழமைபோலப் பையைக் கட்டி வைத்திருந்தாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா படியில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அண்டைக்கு ஒரு திகதி சொன்னியெல்லே? மறந்துபோனியோ?"

"இல்லை."

"எங்கை, சொல்லு பாப்பம். ஆறுதலாச் சொல்லு."

ஆறுதலாகச் சொன்னேன். அந்தக் கரகரத்த குரலில் அவர் அதைத் திருப்பிச் சொன்னார். சரியா என்று கேட்டார். சரி என்றேன். என் தலையைத் தடவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். என் ஞாபகசக்தியைச் சோதிக்கிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பெருமையோடு நடந்தேன்.

அவர் திரும்பி வரவில்லை. பிடித்து அனுப்பிவிட்டார்களா என்று போய்க் கேட்க அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. கேட்டால் தங்களைக் கிளறுவார்கள், ஆஸ்பத்திரி விசயம் வெளியே வரும், எங்கள் விசாவுக்கும் ஆபத்து என்று பயந்தார். தம்பியைக் காப்பாற்றக் கொடுத்த பெயர், தம்பியைத் தேட விடவில்லை. ஊரில் இருந்தவர்களுக்கு எழுதினார். அங்கே வந்து சேரவில்லை என்று பதில் வந்தது.

அப்பா கடைசியாக நோயில் படுத்தபோது, ஒரு தாதி அந்தக் கோப்பைப் பார்த்து, முன்பு ஏதோ இலை சாப்பிட்டுத் தொண்டை வீங்கியதாமே என்று கேட்டார். நான் வாயெடுக்குமுன் அப்பா தலையாட்டினார். "ஓம். சரியாக் காறினது" என்றார். அதை ஆங்கிலத்தில் சொல் என்று என்னைப் பார்த்தார். சொன்னேன்.

பிறகு ஒரு வசந்தத்தில் அந்தக் காட்டுக்குத் தனியே போய், தாவரப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சேம்புக் குடும்பம்தான். அந்த அளவில் சித்தப்பா சொன்னது சரி. தின்னக்கூடாத கிளை.

அன்று காலை அவர் குரோய்டனுக்குப் போய்ச் சேர்ந்தாரா, அல்லது வேறு எங்காவது ஒரு கவுண்டரில் நின்று, நான் சொல்லிக்கொடுத்த திகதியைத் தன்னுடையதாகச் சொன்னாரா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அந்தத் திகதியை இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான். யாராவது இன்றும் அதை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கக்கூடும்.