ஏழு சுற்று வெள்ளை டேப்

1. போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. அன்னவாசலில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய டீசல் காரில், ஃபில்டரும் குழாயும் சேரும் இடத்தில் டீசல் சொட்டியது.

2. அந்த இணைப்பைப் பிடிக்கும் போல்ட்டின் மரையில், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஏழு சுற்று சுற்றி நான் முறுக்கினேன். கசிவு நின்றது.

3. மறுநாள் காலை அதே காரில் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினோம்.

4. கீரனூர் போகும் குறுக்குச் சாலையில் கார் மூன்று முறை நின்றது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மரை சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த இடத்தில் கசிவை அடைப்பது மரை அல்ல, போல்ட்டின் தலைக்கடியில் உட்காரும் செம்பு வாஷர் என்பது எனக்குத் தெரியும். டேப் கிழிந்தால் டீசலோடு உள்ளே போகும் என்பதும் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் போர் மோட்டார் இல்லாத வீடு குறைவு. எது கசிந்தாலும் கை முதலில் டேப்பைத்தான் தேடும். அண்ணன் வளைகுடாவில் பைப் ஃபிட்டர். டேப்பை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்தும்மா, கஞ்சத்தனம் பண்ணாதே" என்றார். ஐந்து, ஏழானது. வாஷர் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும், ஒரு நாள் ஓட்டம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பிய அன்றோடு அவருடைய விசா முடிகிறது. அந்த விமானத்தை விட்டால் வேலையும் போய்விடும். அவர் ஓட்டினார். பின்னால் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர்; கூடவே மூன்று பெட்டிகள். காரைத் திரும்ப ஓட்டி வர நான்.

கார் நிற்கும். ஐந்து நிமிடம் விட்டால் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். இரண்டாவது முறையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் உறிஞ்சும்போது ஏதோ வந்து அடைக்கிறது, நின்றதும் விலகுகிறது. என்னுடைய டேப்தான். புரிந்தும், மூன்றாவது முறை நிற்கும்வரை வாய் திறக்கவில்லை.

பால் கேன்களோடு பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி என்னவென்று கேட்டார். மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டால் திருச்சி பஸ் கிடைக்கும் என்றார். அண்ணன் அசையவில்லை.

"நீ பார்த்த வண்டிம்மா. ஓடும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான் பார்த்ததாலதாண்ணே நிக்குது. அந்த டேப் கிழிஞ்சு உள்ள போயிருச்சு. பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு நீங்க கிளம்புங்க."

அவர் என்னைப் பார்த்தார். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினார். பால்காரர் ஒரு கேனை இறக்கி எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அக்கா கார் கதவில் சாய்ந்து நின்றார். "குழாய்க்காரரும் இன்ஜினியரும் சேர்ந்தா வேற என்ன நடக்கும்?" என்றார். நான் போல்ட்டைக் கழற்றினேன். அதன் நடுவே டீசல் போகும் துளைக்குள் இடியாப்ப இழை போல ஒரு வெள்ளைத் துண்டு. அதை எடுத்து, மரையில் இருந்த டேப்பை முழுக்க உரித்து, பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு முறுக்கினேன். ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றியதும் கார் கிளம்பியது. பால்காரர் திரும்பி வந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகச் சொல்லி, கேனை எடுத்துக்கொண்டு போனார். பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

நாங்கள் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் உள்ளே போயிருந்தார். பெட்டிகள் எங்களோடு வீடு திரும்பின. விமானம் வளைகுடாவில் இறங்கியதும் அண்ணன் போனில் பேசினார். "மிச்ச டேப்பு அலமாரில இருக்கு. நான் வார வரைக்கும் தொட்டுறாதே."

அந்த வாரமே புது வாஷர்கள், புது ஃபில்டர் போட்டேன். குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். உரித்த டேப்பையும் உள்ளிருந்து எடுத்த துண்டையும் மேசையில் நீட்டி அளந்தேன். ஏழு சுற்றுக்கு இரண்டு விரல்கடை குறைகிறது.

அக்கா இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அது தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்கிறேன். தெரிந்தே செய்த தவற்றை ஒப்புக்கொண்டாகிவிட்டது. அந்த இரண்டு விரல்கடை மட்டும் எங்கே என்று எனக்கு இன்னும் தெரியாது.